அரைநாள் அறிஞரின் காற்றாலை

அரைநாள் அறிஞர் என்று ஓர் இனம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பல உயிரினங்கள் அருகிவருவதாக அரசாங்கம் கவலைப்படுகிறது. இந்த இனத்தைப் பற்றி மட்டும் எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளி விடுமுறை முடியும்போதும் விமான நிலையத்தில் புதிதாக ஒரு தொகுதி வந்து இறங்குகிறது.

எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். ஓர் ஊரில் அரைநாள் நின்றுவிட்டு, அந்த ஊரைத் தானே கல் வைத்துக் கட்டியவர் போலப் பேசுவார். துபாயில் விமானம் மாறியவர் பாலைவன மக்களின் மனநிலையை விளக்குவார். பாரிஸில் மழைக்கு ஒதுங்கி ஒரு தேவாலய வாசலில் நின்றவர், பிரெஞ்சுப் புரட்சி எந்த இடத்தில் பிழையாய்ப்போனது என்று சொல்வார். "நாங்கள் அங்க நிண்ட காலத்தில…" என்றுதான் தொடங்குவார். காலம்! காலையில் இறங்கி, மதியச் சாப்பாட்டு மணிக்குக் கப்பலுக்கு ஓடிவந்தது ஒரு காலம்! "இருக்கலாம்", "என்று நினைக்கிறேன்" போன்ற சொற்கள் அவர் வாயில் வரா. எதற்கும் நூற்றாண்டு சொல்வார். அது எப்போதும் பதினேழாம் நூற்றாண்டாகவே இருக்கும். ஏன் பதினேழு? பதினெட்டு என்றால் கேட்பவர்களில் ஒருவர் படித்துத் தொலைத்திருப்பார். பதினேழாம் நூற்றாண்டைப் பற்றிச் சண்டை பிடிக்க யார் வரப்போகிறார்?

இந்த இனத்தின் சிறந்த மாதிரியைப் பார்க்க விரும்பினால் நீங்கள் மெல்பேர்னில் ரயிலேறிக் கடைசி நிலையம்வரை வந்து, கிளென் வேவர்லியில் இறங்க வேண்டும். அங்கே தருமராசா வசிக்கிறார். தண்ணீர் விநியோகப் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று வெளியே நின்றே சொல்வதுதான் அவருடைய தொழிலாக இருந்தது. அந்தப் பழக்கம் ஓய்வுபெறவில்லை.

அவருடைய மகள் தாரகா, அப்பா அம்மாவின் திருமணநாளுக்காகக் கிரேக்கக் கடலில் ஒரு கப்பல் பயணம் ஒழுங்குசெய்து கொடுத்தாள். நல்ல பிள்ளை. விளைவை யோசிக்கவில்லை. அந்தக் கப்பல் ஒரு காலை பெலினோஸ் என்ற தீவில் நின்றது. வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஓர் ஆடு படுத்தால் மறைந்துவிடும் தீவு. கீழே துறைமுகம். மேலே, மலையுச்சியில், சீனிக்கட்டிகளைக் கொட்டிவைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு கிராமம். இரண்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து, முடிகிற எண்ணமே இல்லாத கல்படிகள்.

தருமராசா படிகளை அண்ணாந்து பார்த்தார். அவருடைய முழங்காலும் பார்த்தது. இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

"நீர் போட்டு வாரும்," என்றார் மனைவி புஸ்பராணியிடம். "நான் இஞ்ச இருந்து ஊரை மொத்தமாப் பாக்கிறன்."

துறைமுகக் கோப்பிக்கடைக் கதிரையில் அவர் உட்கார்ந்தார். புஸ்பராணி கடையில் ஓர் அகலமான வைக்கோல் தொப்பி வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகி, வெள்ளைக்காரக் கூட்டத்தோடு ஏறினாள். பாதி வழியில் ஒரு கழுதை எட்டி அவள் தொப்பியின் ஓரத்தை ஒரு வாய் கடித்துத் தின்றது. அவள் விடவில்லை. உச்சிக்குப் போனாள். கிராமத்தை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, கையை நீட்டி, தன்னைத்தானே ஒரு படம் எடுத்தாள். ஒன்றுதான் எடுக்க முடிந்தது. தொலைபேசி முழுக்க உறவினர்கள் அனுப்பிய "இனிய காலை வணக்கம்" ரோசாப்பூக்கள் நிறைந்திருந்தன.

கீழே வந்தவளுக்குச் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது.

"இஞ்சாருங்கோ, மேல ஒரு கோயில்…"

"தெரியும்."

"அங்க ஒரு கிழவி எனக்கு அத்திப்பழம்…"

"தெரியும், தெரியும். அது அந்த ஊர் வழக்கம்."

முன்பின் தெரியாத கிழவி புஸ்பராணிக்கு அத்திப்பழம் கொடுத்தது கதிரையில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்? தெரியும். அதுதான் அறிஞர். கழுதைக் கதை புஸ்பராணியின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். ஏதென்ஸ் விமான நிலையத்தில் தருமராசா சொன்னது: "மனிசி ஏறினவ." தோஹாவில் பக்கத்து ஆசனக்காரரிடம் சொன்னது: "நாங்கள் ஏறினனாங்கள்." மெல்பேர்னில் தாரகா காரோடு வந்து நின்றபோது சொன்னது: "நான் ஏறேக்க, பிள்ளை, மூச்சு வாங்கிச்சுதுதான். ஆனா விடேல்லை." விமானம் கீழே இறங்க இறங்க, அவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை, பக்கத்து மல்கிரேவில், குடும்ப நண்பன் லோஜன் வீட்டில் பிறந்தநாள் விருந்து. லோஜன் ஒரு மரியாதைக்குத்தான் கேட்டான்: "குரூஸ் கப்பல் எப்பிடி அங்கிள்?"

மற்றன் றோல்ஸ் சூடாக வந்தபோது தருமராசா துறைமுகத்தில் நின்றார். அவை ஆறியபோது பாதிப் படியில் நின்றார். கேக் வெட்டும் நேரத்தில் கடற்கொள்ளையர் வந்துவிட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டு. மெழுகுவர்த்தி கேக்கின் மேலே உருகி ஓடியது. பிறந்தநாள்காரப் பிள்ளை ஊதவா வேண்டாமா என்று கன்னத்தில் காற்றை அடைத்தபடி நின்றது.

"அந்தக் காலத்துச் சனம் ஏன் மலையில போய்க் குடியிருந்தது? சொல்லும் பாப்பம்."

"தெரியாது அங்கிள்," என்றான் லோஜன் பரிதாபமாக.

"கள்ளருக்கும் முழங்கால் இருக்குத்தானே!"

பக்கத்துக் கதிரையில் புஸ்பராணி றோல்ஸைக் கடித்தபடி, "ஓமோம்," என்றாள். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் கடைந்தெடுத்த "ஓமோம்" அது. கேட்பவர்களுக்கு ஆமோதிப்பு, கேட்க வேண்டியவருக்கு முதுகில் ஐஸ் கட்டி.

பேச்சோடு நின்றிருந்தால் ஊர் தப்பியிருக்கும். ஆனால் அரைநாள் அறிஞர்களுக்கு ஒரு கட்டத்தில் பேச்சு போதாது. சிலர் வீட்டுக்குள் கூழாங்கல் பரப்புவார்கள். சிலர் புட்டுக்கு ஒலிவ எண்ணெய் ஊற்றுவார்கள். தருமராசா நீர்வர்ண ஓவியம் பழகப் போனார்.

கிளென் வேவர்லிச் சமூக நிலையத்தில் புதன்கிழமை வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் சென்னையிலிருந்து வந்த வேதவல்லி. பொறுமைசாலி. தருமராசா வந்த பிறகுதான் அவருக்கே அது எவ்வளவு என்று தெரியவந்தது.

"சார், நீர்வர்ணத்துல வெள்ளைன்னு தனியா பூச மாட்டோம். காகிதம்தான் வெள்ளை. வீடு வெள்ளைன்னா அந்த இடத்தைத் தொடாம விட்டுடணும்."

"விடுறதோ?"

"ஆமா. சுத்தி நிழல் போடுங்க. வெளிச்சம் தானா வரும். சும்மா விடத் தெரிஞ்சாப் போதும், பாதி ஓவியம் வந்துடும்."

சும்மா விடுவதா? ஒரு கேள்வியைச் சும்மா விடாதவர், ஒரு விருந்தைச் சும்மா விடாதவர், தாளில் உள்ளங்கை அளவு இடத்தைச் சும்மா விடுவாரா? வேதவல்லி அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு வெற்றுச் சுவரில் யன்னல் முளைக்கும். மீண்டும் திரும்பினால் யன்னலில் பூந்தொட்டி. மூன்றாம் முறை பார்த்தால் பூந்தொட்டியின் பக்கத்தில் பூனை.

"பூனை எதுக்கு சார்?"

"எலிக்கு, ரீச்சர். பதினேழாம் நூற்றாண்டில கப்பலால வந்த எலி."

எதைப் பார்த்து வரைந்தார்? வேறு எதை? புஸ்பராணியின் அந்த ஒற்றைப் படத்தைத்தான். அதில் ஒரு சங்கடம் இருந்தது. படத்தின் நடுவே புஸ்பராணி இருந்தாள். தருமராசா அவளை எடுத்துவிட்டார். கன்னம் இருந்த இடத்தில் கல்வீடு வந்தது; தோள் இருந்த இடத்தில் மதில் வந்தது. ஆனால் தொப்பி? அந்தப் பெரிய வட்டத் தொப்பி மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் என்ன இருந்தது என்று படத்துக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"அதை வானமா விட்டுடுங்க சார்," என்றார் வேதவல்லி.

விடுவாரா? தொப்பியின் அதே வட்டத்தில், அதே அளவில், மாவு அரைக்கும் ஒரு காற்றாலையை நிறுத்தினார். கழுதை கடித்த இடமும் அப்படியே வந்தது. ஆலையின் ஓர் இறக்கையில் ஒரு துண்டு இல்லை. ஏன் இல்லை? கடற்கொள்ளையரின் பீரங்கிக் குண்டு. எந்த நூற்றாண்டு என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தன்னைத்தானே எடுக்கும் படத்தைச் சில தொலைபேசிகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாற்றிப் பதியும். புஸ்பராணியின் தொலைபேசி அந்தச் சாதி. ஆகவே கோயிலின் வலப்பக்கத்து மணிக்கோபுரம் ஓவியத்தில் இடப்பக்கம் ஏறிக்கொண்டது. சுவரிலிருந்த ஒரு பெயர்ப்பலகையின் எழுத்தெல்லாம் முதுகு காட்டி நின்றது. கிரேக்கம் தெரிந்தவர் துள்ளி எழுந்திருப்பார். தருமராசாவுக்கு முதுகும் முகமும் ஒன்றே. "இது பழைய எழுத்து. ஊரைக் காப்பாற்றின மாலுமியின்ர பேர்," என்றார். வகுப்பே தலையாட்டியது.

ஓவியம் சமூக நிலையக் கண்காட்சிக்குத் தெரிவானது. அறிவிப்பை வாசித்துவிட்டு, கிரேக்கர்கள் நிறைந்த ஓக்லியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பெயர் கோஸ்தா. பெலினோஸ் தீவாரின் சங்கத்துக்குச் செயலாளர். தீவில் இருப்பவர்களைவிட மெல்பேர்னில் இருக்கும் தீவார்தான் கூடவாம். சங்க மண்டபத்தில் ஒரு வெறும் சுவர் இருக்கிறதாம். தன்னுடைய அம்மா ஸ்தவ்ரூலா அந்தக் கிராமத்திலேயே பிறந்தவர்; அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம்; அம்மா பார்த்து "இது எங்கள் ஊர்" என்று சொன்னால் ஓவியம் அந்தச் சுவருக்கு. அடியில் ஓவியர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

பித்தளைத் தகடு! பொறியியலாளராக எத்தனையோ நீர்த்தாங்கி கட்டினார். ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. தருமராசா குளியலறையில் பாடினார். ஆனால் அன்று மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபோது, அதில் கறிக்குப் பதிலாக அந்தக் கல்படிகள் தெரிந்தன. அங்கேயே பிறந்த ஒருவர் வருகிறார். ஒரேயொரு கேள்வி கேட்டால் போதும்.

"இஞ்சாரும்," என்றார் மெதுவாக. "அண்டைக்கு வந்து ஒண்டும் சொல்லிப்போடாதையும்."

"நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள் புஸ்பராணி, சொதியை ஊற்றியபடி. "ஏறினது நீங்கள்தானே."

கண்காட்சி நாளும் வந்தது. லோஜன் குடும்பம் வந்தது; வேதவல்லி பட்டுச்சேலையில் வந்தார். தருமராசா கழுத்துப்பட்டி கட்டி, ஓவியத்தின் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கோஸ்தாவின் கையைப் பிடித்தபடி ஸ்தவ்ரூலா உள்ளே வந்தார். கறுப்பு உடை, கழுத்தில் சிலுவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. ஓவியத்தின் முன்னால் நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"மணிக்கோபுரம்," என்றார் கடைசியில், அறுபது வருட ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில். "அது மற்றப் பக்கம் அல்லவா இருந்தது?"

தருமராசா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். ஆனால் ஓர் உண்மையான அறிஞர் தடுக்கி விழும்போதும் ஒரு நூற்றாண்டைப் பிடித்துக்கொண்டுதான் விழுவார்.

"ஆதியில் இந்தப் பக்கம்தான் அம்மா. நிலநடுக்கத்துக்குப் பிறகு மாற்றிக் கட்டினார்கள்."

"என்ன நிலநடுக்கம்?" என்றார் கோஸ்தா.

தருமராசா வாயைத் திறந்தார். அதற்குள் ஸ்தவ்ரூலா மகனைப் பார்த்து அதட்டினார்: "நிலநடுக்கம்டா! உனக்கென்ன தெரியும்? நீ அப்போது பிறக்கவே இல்லை!"

இதற்குமுன் நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். ஸ்தவ்ரூலா அந்தக் கிராமத்தில் பிறந்தவர்தான். கப்பலேறி மெல்பேர்ன் வந்தபோது அவருக்கு வயது மூன்று. மிச்ச ஊரை அவரும் ஓக்லியில் இருந்துதான் கட்டியிருக்கிறார்.

அடுத்ததாக அவருடைய விரல் மேலே போய் வட்டத்தில் நின்றது. "ஐயோ, கோஸ்தா! காற்றாலை! என் தாத்தாவின் காற்றாலை!" கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "மாவு வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு… சொல்லுங்கள் ஐயா, நீங்கள் ஏறிப் பார்த்தபோது அது சுற்றியதா?"

நம்புங்கள், அன்றைக்குத்தான் தருமராசாவுக்கு முதல்முறையாக வாயில் சொல் வரவில்லை. தானே பொய்யாக நட்ட ஆலைக்கு ஒருவர் மாவு வாசத்தோடு சொந்தம் கொண்டாடினால் எந்த நூற்றாண்டைத் தேடிப் பிடிப்பது?

அவர் முழித்துக்கொண்டு நின்ற வேளையில், கோஸ்தா சந்தேகத்தோடு பெயர்ப்பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். புஸ்பராணி அவர் அருகில் போய், தொலைபேசியைத் திறந்து, படத்தைக் காட்டினாள். கோஸ்தா படத்தைப் பார்த்தார். ஓவியத்தைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். காற்றாலையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் புஸ்பராணி.

"கழிப்பறை," என்றார் கோஸ்தா காதோடு. "கட்டணம் உண்டு."

இனி ஒரு வார்த்தை போதும். நாற்பது வருட "ஓமோம்" எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரேயொரு வார்த்தை. தருமராசா மனைவியைப் பார்த்தார். பரீட்சையில் கொப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளையின் பார்வை. புஸ்பராணி அவரைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரிக்கும் ஸ்தவ்ரூலாவைப் பார்த்தாள். தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டு இழுத்து மூடினாள்.

"நல்லாச் சுற்றியது அம்மா," என்றாள் தெளிவான ஆங்கிலத்தில். "பக்கத்தில் நின்று பார்த்தது நான். ஓர் ஓரத்தை மட்டும் கழுதை கடித்திருந்தது."

"கழுதையா!" ஸ்தவ்ரூலா கைதட்டினார். "தாத்தாவின் கழுதை! அது எதையும் தின்னும்!"

ஓவியம் சுவரேறியது. தகடும் ஏறியது. அத்தோடு முடிந்தது என்கிறீர்களா? அரைநாள் அறிஞர் நட்டது பட்டுப்போகாது. இரண்டு மாதத்துக்குள் சங்கத்தின் முதியவர்கள் எல்லோருக்கும் காற்றாலை ஞாபகம் வந்துவிட்டது. ஒருவர் அதில் மூட்டை தூக்கியிருக்கிறார். ஒருவர் அதன் நிழலில்தான் பெண் பார்த்திருக்கிறார். அது யாருடைய சொத்து என்று இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன. ஆண்டுக்கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: வருகிற செப்டெம்பரில் சங்கத்தார் எல்லோரும் பெலினோஸ் போவது; காற்றாலை நிற்கும் இடத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டுவது; சரியான இடத்தைக் காட்ட ஓவியர் தருமராசாவைப் பிரதம விருந்தினராக அழைத்துப்போவது. மாலை போட்டு, வாத்தியத்தோடு, படியேற்றி.

அழைப்பைக் கேட்டுவிட்டு வந்த தருமராசா குசினி வாசலில் நின்றார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இஞ்சாரும், உந்தப் படி… எவ்வளவு இருக்கும்?"

"உங்களுக்குத் தெரியாததே?"

"பகிடி விடாதையும். நீரும் வாறீர்தானே? எந்த இடமெண்டு காட்டோணுமெல்லே."

புஸ்பராணி கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"வாறன். வராமல் என்ன? நீங்கள் ஏறிப் போட்டு வாங்கோ. நான் கீழ கதிரையில இருந்து கோப்பி குடிக்கிறன். ஊரை மொத்தமாப் பாக்கலாம்."

சிரித்தீர்கள்தானே? சிரியுங்கள். ஆனால் ஒன்று. பெலினோஸ் எங்கே இருக்கிறது என்று நான் சரியாகச் சொல்லவில்லை; அந்தக் கண்காட்சிக்கு உங்களை யாரும் அழைக்கவும் இல்லை. வருகிற சனிக்கிழமை ஏதோவொரு விருந்தில், கையில் றோல்ஸோடு, கிரேக்கத் தீவுக்காரர்களின் குணத்தைப் பற்றிப் பேச்சு வரும். அப்போது உங்கள் வாய் தன்பாட்டில், "அந்தக் காற்றாலை இருக்குதே, பதினேழாம் நூற்றாண்டில…" என்று தொடங்கினால், உடனே நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பாருங்கள்.

அங்கே யாராவது "ஓமோம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.